காஸ் துணியில் கட்டிய தாலி

மம்சாபுரம்
8.10.2024

சிஸ்டர் அவர்களுக்கு,

அந்த மடிப்பைத்தான் நான் முதலில் கவனித்தேன். அம்மாவின் கழுத்தில் தாலி இல்லை. மஞ்சள் கயிறும் இல்லை. காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைக் காஸ் துணியில் கோத்து வலது மணிக்கட்டில் கட்டியிருந்தது. துணியின் ஓரத்தை உள்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்திருந்ததால் ஒரு பிசிறுகூட வெளியே தெரியவில்லை. நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறேன். அப்படி மடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் கட்டியது இல்லை அது.

ஐ.சி.யூ.வில் நாலாம் நம்பர் கட்டிலில், கட்டுவிரியன் கடித்துக் கிடக்கிற சீனியம்மாளின் மகள் நான். நேரில் கேட்க நான்கு தடவை வந்தேன், வாய் வரவில்லை. அதனால் வாட்ச்மேன் பொன்னுராஜ் அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தாலியை அவிழ்த்தது யார்? அம்மா கண்ணைக்கூடத் திறக்காமல் கிடக்கிறாள். அவள் காதில் குனிந்து குனிந்து என்ன சொல்கிறீர்கள்? அப்பா ஆசையாகக் கொண்டுவந்த கொய்யாவையும் வாங்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்கிறவர் எதற்காக இவ்வளவு செய்ய வேண்டும்?

என் அத்தை முத்துப்பேச்சி சொல்கிறாள்: "ஏட்டி, வெள்ளைத் துணியில தாலியக் கட்டிருக்காளே, வெளங்குமா? சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்கு நம்ம தாலில என்ன சோலி? காதுல ஜெபம் சொல்லுதா. பாத்துக்கிட்டே இரு."

பதில் சரியில்லை என்றால் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற புகார்ப் பெட்டியில் எழுதிப் போடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
நாலாம் நம்பர் கட்டில் அம்மாவின் மகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.10.2024

பச்சைச் சுடிதார் தங்கச்சிக்கு,

நீ பேர் எழுதவில்லை. தினமும் கதவோரமாக நின்றுவிட்டுப் போவது நீதானே?

அம்மாவுக்குக் கழுத்தில் ஊசிக்குழாய் போட வேண்டியிருந்தது. உன் அப்பாவிடம் கேட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன். அறுக்கவில்லை. அது ரத்தத்தில் நனைந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் மஞ்சள் கயிற்றுக்கு எங்கே போவேன்? கையில் இருந்தது காஸ்தான். நகை எதைக் கழற்றினாலும் வீட்டாரிடம் கொடுப்பதுதான் வழக்கம். தாலியை மட்டும் அம்மா உடம்பிலேயே வைத்தேன்.

காதில் ஜெபம் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்கிறேன். விஷம் கை, கால், கண் இமையை அசையவிடாமல் வைத்திருக்கிறது. காது கேட்கும். நீயும் பக்கத்தில் வந்து ஏதாவது பேசு.

கொய்யா எனக்குப் பிடிக்கும். ஆனால் டியூட்டியில் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது. அப்பாவிடம் சொல்லிவிடு.

ஆறு கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கிறோம். இதற்கு மேல் எழுத நேரமில்லை.

ஹெப்சிபா

மம்சாபுரம்
10.10.2024

சிஸ்டர் அவர்களுக்கு,

அப்பாவிடம் கேட்டேன். "எம்புட்டோ பேப்பர்ல கையெழுத்து வாங்குனாக. யாரு என்னத்தக் கேட்டாகன்னு நான் கண்டேனா?" என்கிறார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அத்தை சிரித்தாள். "கண்ணே தொறக்காதவளுக்குக் காது மட்டும் கேக்குமாக்கும்!"

நகையை வீட்டாரிடம் கொடுப்பதுதான் வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு இதில் மட்டும் ஏன் வழக்கத்தை மாற்றினீர்கள்? அதற்குத்தான் பதில் இல்லை.

காலையில் புகாரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதிலும் பேர் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாலாம் நம்பர் கட்டில் அம்மாவின் மகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.10.2024

தங்கச்சிக்கு,

இன்றிலிருந்து என்னைக் கீழே காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வருத்தமில்லை என்று எழுதினால் பொய். பன்னிரண்டு வருஷத்தில் என் மேல் வந்த முதல் புகார் இது.

அது போகட்டும். மேலே இருப்பவர்கள் நல்லவர்கள்தான், வேலை அதிகம். பேச நேரம் இருக்காது. அதனால் நீ பேசு. எந்த பஸ்ஸில் வந்தாய், என்ன சாப்பிட்டாய் என்று சொன்னால் போதும்.

துணி பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அவிழ்ப்பதற்கு முன்னால், அப்பா நன்றாக இருக்கிறார் என்று அம்மா காதில் சொல்லிவிடு. மறந்துவிடாதே.

ஹெப்சிபா

மம்சாபுரம்
18.10.2024

ஹெப்சிபா அக்காவுக்கு,

அம்மா பிழைத்துவிட்டாள். திங்கட்கிழமை கண் திறந்தாள். புதன்கிழமை மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். நேற்றுத்தான் கொஞ்சம் பேச வந்தது. முதலில் கேட்டது உங்களைத்தான்.

"ஏட்டி, அந்தப் பிள்ள எங்க?"

"எந்தப் பிள்ளம்மா?"

"மொகம் தெரியாது. கொரலுதான் தெரியும்."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கழுத்துல கயிறு அவுந்தது தெரிஞ்சுது. சரி, ஒங்கப்பா போயிட்டாரு, அதான் அவுக்காகன்னு நெனச்சேன். கத்தணும்னு பாக்கேன், வாயி வரல. அப்ப அந்தப் பிள்ள குனிஞ்சு, 'சீனியம்மாக்கா, பயப்படாதிக. ஒங்க வீட்டுக்காரரு வெளிய டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு. தாலிய ஒங்க கையிலயே கட்டுதேன்'னு சொல்லிச்சு. அவரு டீ குடிக்காருன்னதும்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. இடி விழுந்தாலும் அந்த மனுசன் டீய விட மாட்டாருல்ல?"

அப்பா தலை குனிந்தார். "ஆமா, அந்தப் பிள்ள எங்கிட்ட கேட்டுச்சு. நான்தான் தலையாட்டுனேன். இப்பத்தான் ஞாபகம் வருது," என்றார்.

தினமும் நீங்கள் என்னைப் பற்றியும் சொன்னீர்களாம். 'ஒங்க மக வந்திருக்கா, பச்சைச் சுடிதாரு, இன்னைக்கும் வாசல்லயே நிக்கா' என்று. அம்மா மனதுக்குள் சிரித்துக்கொண்டாளாம்.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "பொறவு அந்தக் கொரலு நின்னு போச்சு. யாரோ பெரட்டிப் போட்டாக, ஊசி குத்துனாக. யாரும் ஒண்ணும் பேசல. அப்ப நான்தான் செத்துட்டேன் போலன்னு நெனச்சுக் கெடந்தேன்."

நீங்கள் பேசச் சொல்லி எழுதியிருந்தீர்கள், அக்கா. இரண்டு தடவையும் படித்தேன். கட்டில்வரை போயும் நின்றேன். எல்லோரும் பார்க்க, பதில் சொல்லாத அம்மாவிடம் பேச வெட்கமாக இருந்தது. 'அம்மா' என்றுகூடக் கூப்பிடாமல் வந்துவிட்டேன். மூன்று நாள்.

அத்தை புது மஞ்சள் கயிறு கொண்டுவந்தாள். அம்மா மாற்றிக்கொண்டாள். ஆனால் காஸ் துணியைக் கீழே போட விடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அப்பா மறுபடியும் கொய்யா பறித்து வைத்திருக்கிறார். "வேலை நேரத்துலதான வாங்கக் கூடாது? வீட்டுல போயி குடுத்தா என்ன செய்யும்?" என்கிறார். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவேன் என்கிறாள் அம்மா. உங்களை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டாள். நான் போட்ட புகாரால்தான் என்று சொன்னேன்.

இன்று காலை இன்னொரு கடிதம் எழுதினேன். நான் பார்த்தது, நினைத்தது, அம்மா சொன்னது எல்லாவற்றையும் எழுதி, அடியில் பேரும் போட்டேன். மேட்ரன் அறைக்குப் போனேன்.

"புகாருன்னா வெளிய பெட்டி இருக்கு, பாப்பா," என்றார்.

நான் நகரவில்லை. "அன்னைக்குப் பெட்டியில போட்டது நான்தான்," என்று சொல்லி, அதை அவர் கையில் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ச. மாரிச்செல்வி