வெள்ளிக்கிழமை வரிசை

12 ஜூன் 2009, வெள்ளி

ஆறு மணிக்கே எட்டு மெஷினும் நிரம்பிவிட்டன. வாசல்படியில் இன்னும் பதினொரு பேர். வளைகுடாவில் வெள்ளிதான் லீவு, ஆகவே எங்கள் கடற்கரைப் பெண்களுக்கு வெள்ளிதான் புருஷனோடு பேசுகிற நாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துகிறார்கள். பிரவுசிங் சென்டர் மாதிரியா இருக்கிறது? ஏலக்கூடம்.

முதலாளி ஜஸ்டஸ் அண்ணன், "லைனு செரியில்ல மக்கா, நீதான படிச்ச பிள்ள, என்னன்னு பாரு" என்றார். சொல்லும்போதே அவர் மெஷினில் இரண்டு சினிமா இறங்கிக்கொண்டிருந்தது. லைன் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

கூட்டம் குறைந்ததும் என் முறை. பஹ்ரைனிலிருந்து யோவான். மார்ச்சில் நிச்சயம் ஆனது முதல் வாரத்துக்கு ஒரு தடவை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்கு வரலாமா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, "ம்... பாப்போம்."

நடுவில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். மாதா கெபி தாண்டுவதற்குள் மூன்று வாக்கியம் சொல்லிவிட்டார், மூன்றும் நல்ல வாக்கியம். இந்த மனிதர் லைனில் பேசுவதைவிட என்னோடு வழியில் வரும்போது நன்றாகப் பேசுகிறார்.

14 ஜூன், ஞாயிறு

ஜூலை 27 கல்யாணம். கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பு ஜூலை 5, 12, 19. அம்மா நாட்காட்டியில் நாலு நாளையும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாள்.

17 ஜூன், புதன்

ஜனவரியில் யோவான் பத்து நாள் லீவில் வந்தபோது அவரை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவை வீட்டில், எட்டுப் பேர் நடுவில். இன்னொரு தடவை கோவிலில், பின்னாலிருந்து. காது அழகாக இருந்தது. மற்றதெல்லாம் நானே வரைந்துகொண்டதுதான் போல.

மத்தியானம் கடை காலி. லைனைச் சோதிக்க நூறு தகவல் துண்டு அனுப்பிப் பார்த்தேன், ஜஸ்டஸ் அண்ணன் படம் இறக்கும்போது பதினாலு போய்ச் சேரவில்லை. பேசுகிற குரலை நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். சினிமாத் துண்டு தாமதமாக வந்தால் பரவாயில்லை, தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குரல் துண்டு நேரத்துக்கு வராவிட்டால் போனதுதான். அப்படியிருக்க இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

என் கேள்விக்கான பதில் எந்தப் பதினாலில் போயிற்றோ.

19 ஜூன், வெள்ளி

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியை லைனுக்கும் கடைக்கும் நடுவில் வைத்து, குரலெல்லாம் முதலில், மற்றது பிறகு என்று இரண்டு வரிசை போட்டேன். பெண்கள் பேசினார்கள். சந்தோஷம். ஆனால் ஞானதாசன் வாத்தியார் ஒரு விண்ணப்பத்தைத் திறக்க நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரு துண்டு இருக்கிறவரை பின்வரிசை நகராது. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"எனக்கு முன்னால இன்னும் எத்தன பேரும்மா போவணும்?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை. அதனால்தான் வெட்கமாகப் போயிற்று.

23 ஜூன், செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி வட்டக்கோட்டை போனேன். மதில்மேல் நிற்க முடியாத காற்று, துப்பட்டா என் சொல் கேட்கவில்லை. வளைகுடா வரைக்கும் கடலுக்கு அடியில்தான் லைன் கம்பி போகிறதாம். குரல் துண்டுகள் தண்ணீருக்குள் ஒன்றின் பின் ஒன்றாக, பூசைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று கிளிஞ்சல் பொறுக்க நின்றுவிடுகிறது. அதைக் கூப்பிட யாருமில்லை. இரண்டு பஸ் போன பிறகுதான் நினைவு வந்தது, கடையைப் பூட்டவில்லை.

திரும்பி வந்து சரிசெய்தேன். குரலுக்கு முதலிடம், ஆனால் ஒரு அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. மிச்சத்தை மற்றவர்களுக்கு முறைவைத்துக் கொடுப்பது. ஜஸ்டஸ் அண்ணன் சினிமாவுக்கும் ஒரு சின்னப் பங்கு. இன்னொன்றும் கண்டுபிடித்தேன்: இத்தனை நாளும் நெரிசல் மோடத்துக்குள் நடந்திருக்கிறது, என் பெட்டிக்குள் அல்ல. லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து அனுப்பினால்தான் வரிசை என் கைக்கு வரும். இவ்வளவும் செய்து லைன் ஒரு நூல்கூடப் பெரிதாகாது. யாராவது காத்திருக்கத்தான் வேண்டும், யார் என்பதை மட்டும் நான் சொல்லலாம்.

26 ஜூன், வெள்ளி

கடை நிறைந்திருந்தது. சத்தமே இல்லை.

கத்த வேண்டிய அவசியம் போனதும் எல்லாரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. மூன்றாம் மெஷினில் எங்கள் தெரு லிஜா அக்கா, "என்னத்த தின்னுட்டுப் பேசுதிய, மெல்லுத சத்தம் கேக்குது" என்றாள். அவள் புருஷன் அங்கே சிரித்தது எனக்கே கேட்டது.

என் முறை. நூற்றுக்கு ஒன்றுகூடத் தொலையவில்லை. யோவானின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல, எவ்வளவு நல்ல குரல். மந்திரகோடிச் சேலைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு, "உனக்கு இஷ்டமானது."

அந்தப் பக்கம் நெரிசலாக இருக்கும். என் பெட்டி என் லைனைத்தானே பார்க்கும்? பஹ்ரைனில் வரிசை போட நானா இருக்கிறேன்.

5 ஜூலை, ஞாயிறு

முதல் ஓலை. பூசை முடிவில் பங்குச் சாமியார் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் உண்டென்றால் தெரிவிக்கும்படி ஊரைக் கேட்டார். சகாயசெல்வி என்ற பெயரை மைக்கில் கேட்டால் யாரோ மாதிரி இருக்கிறது. ஊருக்குத் தடை ஒன்றும் இல்லையாம். இசபெல் மாமி, யோவானின் அம்மா, என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள்.

10 ஜூலை, வெள்ளி

லிஜா அக்கா மூன்றில், நான் நாலில், ஒரே நேரம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "எனக்க ஆளும் ஒனக்க ஆளும் இப்ப ஒரே ரூமுலதாம்ட்டி. லைனும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் அடுத்தடுத்து இருந்துதான் மிண்டுதாவ."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அங்கிருந்து பதில், சிரிப்பு, மறுபடி பேச்சு. இடையே ஒரு மூச்சுக்கூட விடுபடவில்லை.

என் காதில் யோவானின் அறையில் ஓடுகிற மின்விசிறி கேட்டது. யாரோ டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. எல்லாம் வந்து சேர்ந்தது.

12 ஜூலை, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தலையைக் குனிந்தே இருந்தேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

17 ஜூலை, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

"லைனு சுத்தமா இருக்கு. ஒரு துண்டுகூடப் போகல. பின்ன ஏன் மிண்டாம இருக்கிய?"

மின்விசிறி. மின்விசிறி. அப்புறம் சொன்னார்: "செல்வி, எனக்கு இந்தக் கல்யாணத்துல மனசு இல்ல. வேற ஒருத்தியும் கெடையாது, சத்தியமா. மனசு வரல, அவ்வளவுதான். அம்மைக்கிட்ட சொல்லத் தைரியம் இல்ல. நீ வேண்டாம்னு சொல்லிரியா?"

நான் சொல்லணுமாம். நான் வேண்டாம்னு சொல்லணும், ஊரு என்னைத் திங்கணும், இவரு அங்க நல்ல பிள்ளையா இருக்கணும். நாலு மாசம்! நாலு மாசமா மோடத்தத் திட்டினேன், கம்பெனிக்காரனத் திட்டினேன், பாவம் அந்த ஜஸ்டஸ் அண்ணனத் திட்டினேன். இந்த ஆளத் தவிர எல்லாரையும் திட்டினேன். மிண்டாம இருந்ததுக்குப் பூராவும் நானே வசனம் எழுதிக் குடுத்தேன் — அதுவும் என்ன வசனம், நெனச்சா நாணமா இருக்கு.

"நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு மாமிய இங்க இருத்துதேன். நீங்களே சொல்லுங்க" என்றேன்.

திரையைப் பார்த்தேன். தொலைந்த துண்டுக் கணக்கில் பூச்சியம். "செரி" என்றார்.

ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குள் அவர் சொல்லாவிட்டால் பெயர் வாசித்துவிடுவார்கள், 27ஆம் தேதி அவர் மனமில்லாமல் வந்து நிற்பார், நானும் நிற்பேன். ஆயுசு முழுக்க அவர் என்ன நினைக்கிறார் என்று நானே யோசித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். அதுதான் பயம்.

18 ஜூலை, சனி

இசபெல் மாமியை நாலாம் மெஷினில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்டேன். "மோன் மூஞ்சி தெரியுமா?" என்று கேட்டார்கள். "குரல் மட்டும்தான் மாமி."

அந்த ஒரு மெஷினுக்கு முழு லைனையும் திறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினேன். முறை, பங்கு எதுவும் இல்லை. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜஸ்டஸ் அண்ணனின் படம் பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் கணக்குத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன, கடலுக்கு அடியில், ஒன்றும் நிற்காமல். அவற்றில் என் கல்யாணம் இருந்தது. விநோதமாக, ஒரு நிமிடம் அது அழகாகக்கூட இருந்தது.

பதினோரு நிமிடம். மாமி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"கேட்டுதா மாமி?"

"நல்லாத் தெளிவா கேட்டுச்சு மக்கா" என்றார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். "சாமியார்ட்ட நான் போய்ச் சொல்லுதேன். நீ ஒண்ணும் மிண்டாண்டாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதுவும் பேசவில்லை. மீன் குழம்பை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் மௌனத்துக்கு நான் எந்த அர்த்தமும் சொல்லிக்கொள்ளவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

19 ஜூலை, ஞாயிறு

காலையிலும் அம்மா பேசவில்லை. பூசைக்குச் சேர்ந்தே போனோம்.

சாமியார் ஒரு ஓலை வாசித்தார், மேலத்தெரு ஜோடி. அடுத்து எங்கள் முறை. அவர் தாளைத் திருப்பி, செவ்வாய்க்கிழமை நவநாள் அறிவிப்புக்குப் போனார். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பின்னாலிருந்து ஒருத்தி, "செல்விக்க பேரு வாசிக்கலியே, சாமியார் மறந்துட்டாவளா?" என்றாள்.



அம்மா திரும்பினாள். குரலைத் தாழ்த்தவில்லை. "மறக்கல்ல. வாசிக்காண்டாம்னு நாங்கதான் சொன்னோம்" என்றாள்.