உப்பில்லாத குழம்பு

என்னங்க,

முதல் ஷிப்டுக்குத் திருமழிசை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். தூங்கட்டும் என்று உங்களை எழுப்பவில்லை.

உங்கள் தம்பி தமிழரசு இறந்ததிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று நீங்கள், "தம்பி இருந்தா உன்ன இப்டி பட்டினி கெடக்க வுடுவானாம்மா?" என்றதும் தட்டைத் தள்ளிவிட்டார். எனக்கும் கோபம் வந்து உங்களிடம் கத்திவிட்டேன். இனி தமிழரசு பேரைச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

கத்தரிக்காய்க் குழம்பில் வேண்டுமென்றே உப்பு போடவில்லை. "இன்னா கொழம்பும்மா இது, நீயே பாரு" என்று கிண்ணத்தை நீட்டுங்கள். என் சமையலில் குறை சொல்ல என்றால் அத்தை எழுந்து வருவார். உப்பைப் போட்டு, என்னைத் திட்டிக்கொண்டே நாலு வாய் சாப்பிடுவார். திட்டட்டும், தடுக்காதீர்கள்.

ஹேமா

நீங்களும் சாப்பிடுங்கள். உங்களிடம் என்ன சொன்னால் சாப்பிடுவீர்கள் என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.