கீழ் லெவல் சூடு

என்னங்க,

போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான், லீவு முடிந்து உங்கள் ஆப்பிரிக்கச் சுரங்கத்துக்கே திரும்பும் ஏகநாதன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். வலியே இல்லை. சின்ன ஆன்டெனா ஒன்றை மார்பில் இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். அது உடம்புக்குள் எதையும் அனுப்பாதாம். ஆழத்திலிருந்து தானாக வரும் மைக்ரோவேவ் அலையைப் பிடித்து, உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லுமாம். கட்டி ஏதும் இருந்தால் அந்த இடம் சூடாக இருக்குமாம்.

எனக்கு உங்கள் முதுகுதான் ஞாபகம் வந்தது. இங்கே மைன்ஸ் மூடுவதற்கு முன், பூமிக்கடியில் ஷிப்ட் முடிந்து ஏறி வந்து குளித்த பிறகும், "கிட்ட வராதே, கீழ் லெவல் சூடு இன்னும் ஒடம்ப வுட்டு எறங்கல" என்பீர்கள். நான் கேட்காமல் முதுகில் கன்னத்தை வைத்துப் படுப்பேன். தோல் ஜில்லென்று இருக்கும், உள்ளே கொதிக்கும்.

இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் சூடு கொஞ்சம் அதிகமாம். அடுத்த முறை வீட்டுக்காரரோடு வாருங்கள் என்றார்கள். "வந்துடுவாருங்க" என்றேன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னீர்கள். கொஞ்சம் முன்னதாக லீவு கேட்டுப் பாருங்கள். வந்ததும், "கிட்ட வராதீங்க" என்றுதான் நானும் சொல்வேன். நீங்களும் கேட்காதீர்கள்.

மைன்ஸ் கம்பெனி தந்த அதே ஸ்கெலட்டன் வீட்டில் இருக்கும்
உங்களவள்