தேன்மொழியின் கழுத்தில் ஊசி குத்திய நாள்

பாய்,

நேற்று கட்டிங் மேடையில் தோல் வெட்டும்போது கத்தி நழுவி என் கட்டைவிரலைக் கீறிவிட்டது. கம்பெனி நர்ஸ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தாள். காயம் எரிவதற்கு முன்பே அந்த வாடை மூக்கில் ஏறியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இவ்ளோ சின்ன வெட்டுக்காண்ணா?" என்று அவள் சிரித்தாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வது?

என் தேன்மொழிக்கு அப்போது ஏழு வயது. அவள் அம்மா பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்ததால் நான்தான் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தின் இடது பக்கத்தில் புளியங்கொட்டை போல ஏதோ தட்டுப்பட்டது. நெறி கட்டியிருக்கிறது, தானாகப் போய்விடும் என்று இருந்தேன். ஆம்பூர் டாக்டர் கொடுத்த மருந்துக்கும் அது கரையவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது. வலியும் இல்லை. "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி குத்திப் பார்த்துடலாம்" என்றார். எதற்காக என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உங்களிடம் இதைச் சொன்னபோது, வாய்க்குப் போன சோறு உங்கள் கையிலேயே நின்றது. உங்கள் இர்ஃபானுக்கும் கழுத்தில்தான் ஆரம்பித்தது. அவனுக்கு அது புற்றுநோய். எட்டு வயதுப் பிள்ளையின் உடலை வேலூரிலிருந்து போர்வையில் சுற்றித் தூக்கி வந்தவர் நீங்கள். அதன்பின் அந்த ஊரில் என்ன வேலை இருந்தாலும் உங்கள் தம்பியைத்தான் அனுப்புவீர்கள். அதனால் உங்களை நான் கூப்பிடவே இல்லை.

ஆனால் அன்று காலை பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தீர்கள். "இன்னா சேகர், தனியா சமாளிச்சுடுவியா? ஏறு, பஸ் கிளம்புது."

ஆஸ்பத்திரி பெஞ்சில் தேன்மொழி கேட்டாள், "வலிக்குமாப்பா?" இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"வலிக்கும்மா. கொஞ்சம் ஜாஸ்தியாவே வலிக்கும். கத்தணும்னா நல்லா கத்து. கழுத்தை மட்டும் ஆட்டாதே. நாங்க ரெண்டு பேரும் கூடவே இருப்போம்."

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினீர்கள். "வலிக்காதுன்னு இர்ஃபான்கிட்ட சொன்னேன்பா. அதுக்கப்புறம் நான் சொன்ன எதையுமே அவன் நம்பல."

உள்ளே நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் தலையைப் பிடித்தீர்கள். டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கட்டியை இரண்டு விரலால் இறுக்கி ஊசியை இறக்கி, உள்ளேயே முன்னும் பின்னும் அசைத்தார். அவள் வீறிட்டுக் கத்தினாள். எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தவர், "பத்தலை, இன்னொரு தடவை" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் மூடவில்லை. அவள் முகத்தையே பார்த்து, "இதோ முடிஞ்சிடும்மா" என்று பொய்கூடச் சொல்லாமல், "இன்னும் இருக்கு, புடிச்சுக்கோ" என்றீர்கள். வெளியே வந்தபோது அவள் நகங்கள் உங்கள் மணிக்கட்டில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

ரிசல்ட் வாங்கவும் கூடவே வந்தீர்கள். காசநோய்க் கட்டி, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார்கள். டிபி என்று கேட்டு ஒரு தகப்பன் சந்தோஷத்தில் அழுவான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் தேன்மொழி உங்கள் மடியில் தூங்கிவிட்டாள். பள்ளிகொண்டா தாண்டியபிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அல்லா மேல ஆணையா எனக்கு சந்தோஷம்தான் சேகர். ஆனா டாக்டர் சொன்னப்போ, என் புள்ளைக்கு ஏன் இது டிபியா இல்லாம போச்சுன்னு கோவம் வந்துச்சு. இந்தக் கொழந்த மேலயே வந்துச்சுப்பா. தப்பா எடுத்துக்காதே."

சொல்லிவிட்டு, தூங்குகிறவள் தலை சரியாமல் கையை அண்டக் கொடுத்தீர்கள்.

அவள் மாத்திரை முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். வேலை முடிந்து பைபாஸைக் கடந்தபோது லாரி அடித்துவிட்டது. கபர்ஸ்தானில் இர்ஃபான் பக்கத்தில் இடம் இல்லை என்றார்கள். இரண்டு வரிசை தள்ளித்தான் உங்களுக்குக் கிடைத்தது. எல்லோரும் மண் போட்டபோது நானும் போட்டேன்.

கட்டி கரைந்துவிட்டது. இன்றும் அவள் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை. "விடுப்பா, ஒண்ணுமில்ல" என்று கையைத் தட்டிவிடுகிறாள்.

பள்ளிக்கூடம் திறக்கும்போதெல்லாம், இர்ஃபான் இருந்திருந்தால் இந்த வருடம் எந்த வகுப்பு என்று என்னிடம் சொல்வீர்கள். வீட்டில் சொன்னால் உங்கள் மனைவி தாங்கமாட்டார்கள் என்பீர்கள். நீங்கள் போனபின் அதை வாய்விட்டுச் சொல்ல யாரும் இல்லை. அதனால் தேன்மொழியை ஆறாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த அன்று, ஸ்கூல் வாசலில் நின்று நானே சொல்லிக்கொண்டேன் பாய்.

இந்த வருடம் அவன் பத்தாவது.