இருட்டுது, வாடி

தை 9, திங்கள். கடும் பனி. கேழ்வரகுக் கதிர் ஈரம். இன்றும் அடிக்க முடியாது.

பெரிய பேரன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், பெங்களூரில் மில் வேலை. நடுப் பேரன் வகுப்பில் முதல் மார்க்கு. பேத்தி மெஷினில் ஜாக்கெட்டே தைக்கிறாள். அஞ்சாவதோடு படிப்பை விட்டவளின் வம்சம்!

மத்தியானம் எதிர்வீட்டு முனியம்மாவின் மகள் ராஜி போய்விட்டாள். காய்ச்சல். ஓசூருக்கு வண்டி பூட்டுவதற்குள். ஒரே பிள்ளை.

தை 10. நேற்று ஒப்பாரிக்கு நான்தான் முதல் குரல், வழக்கம்போல. முனியம்மா அழவில்லை. கல். பிணம் எடுப்பதற்குள் பெற்றவள் அழவேண்டும், இல்லையென்றால் சித்தம் கலங்கும் என்பார்கள். பொன்னே, மணியே, தேரே என்று அடிக்கொரு புதுப் பேராக அடுக்கினேன். ஊரே அழுதது. அவள் இல்லை. பக்கத்துத் தெருக் கன்னடத்துக் கிழவி "அளம்மா, அளு" என்று உலுக்கிப் பார்த்தாள். ஊஹூம்.

எல்லாவற்றையும் விட்டேன். விளக்கு வைக்கும் நேரம் தெருமுனையில் நின்று முனியம்மா தினமும் மகளைக் கூப்பிடுவாளே, அந்தக் கூப்பாட்டையே எடுத்தேன்.

களத்துல இருந்தா, இருட்டுது வாடி.
கெணத்தடில இருந்தா, இருட்டுது வாடி.
காட்டுல இருந்தா, இருட்டுது வாடி.

முதல் தரம் வெறும் பேச்சு. அடுத்த தரம் தலை நிமிர்ந்தாள். அதற்கடுத்தது வயிற்றில் இறங்கியது. இடம் மாறவேண்டும், கூப்பாடு மாறக்கூடாது. கடைசியில் இடத்தையும் எடுத்துவிட்டேன். இருட்டுது, வாடி. மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

சாவு வீட்டில் எனக்குள் ஒரு கர்வம்.

தை 12. அந்தியில் தெருமுனையில் முனியம்மா. "இருட்டுது, வாடி." திரும்பத் திரும்ப. நேற்றும் இதே.

அவள் புருஷன் வந்தான். "யக்கா, நீ எடுத்துக் குடுத்த அடி. நீயே நிறுத்து."

போனேன். "முனி, வூட்டுக்குப் போலாம், வாம்மா."

"நீ ஒருவாட்டி கூப்புடுக்கா. நீ கூப்புட்டா அவ மூஞ்சி வருது."

கூப்பிடாமல், தோளைப் பிடித்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

தை 15. பனி. முனியம்மாவுக்குக் களி கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, காற்றுக் குரல்தான். என் கையைப் பிடித்தாள்.

"அவ மூக்கு எப்பிடிக்கா இருக்கும்? சப்பையா, கூரா?"

"உன்னுது மாதிரிதான்டி."

"என்னுது எப்பிடி இருக்கும்?"

அந்த வீட்டில் ராஜி படம் ஒன்றுகூட இல்லை. பிடித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிப் பெரிய பேரனை நினைத்துப் பார்த்தேன். மீசை இல்லாத முகம்தான் வருகிறது. இப்போது மீசை வைத்திருக்கிறானாம்.

அவனுக்குக் கார்டு எழுதியாச்சு. நலம் விசாரிக்கவில்லை. புதுப் போட்டோ பிடித்துத் தபாலில் போடு. உடனே போடு.