ஜெபத்தில் வந்த அத்தை

மண்ணரை, திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நான் இங்கே உண்டு உடுத்திச் சுகமாயிருக்கிறேன், நீயும் மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்று தெரிந்தால் பிளேன் ஏறி வந்து உதைப்பேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் இதைச் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன், எது வரும் என்று எனக்கே தெரியவில்லை. உன் ரூமில் இருக்கிற மற்ற நர்ஸ் பிள்ளைகள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். பக்கத்து வீட்டு தனுஷ் செவ்வாய்க்கிழமை அங்கே வேலைக்குக் கிளம்புகிறான், அதனால் முறுக்கோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை அப்பாவின் முதல் வருஷ நினைவு ஜெபம் நம் வீட்டில் நடந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லையே என்று நினைத்து அழாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சபை முழுக்க வந்திருந்தது, தக்காளிச் சோறு பத்தாமல் போய்விடுமோ என்று பயந்தேன், போதுமாயிருந்தது. புதிதாக வந்திருக்கிற ஜார்க்கண்ட் குடும்பமும் வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது, அவள் ஸ்தோத்திரம் என்றாள், நான் ஸ்தோத்திரம் என்றேன், அதையே ஏற்றி இறக்கிச் சொல்லி அவள் மாமியாருக்கு மேலுக்கு முடியவில்லை என்பது வரைக்கும் பேசிவிட்டோம்.

நம்ம சபையில் பாஸ்டரய்யா, பாஸ்டரம்மா இந்த ரெண்டு பேரை விட்டால் மீதி அத்தனை பேரும் பிரதர், சிஸ்டர்தானே. காதர்பேட்டையில் கடை வைத்திருக்கிறவரும் பிரதர், அந்தக் கடையில் மூட்டை தூக்குகிறவரும் பிரதர். அப்பாவுக்கு அந்த வார்த்தை மேல் அத்தனை ஆசை. மடத்துக்குளத்தில் தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில் மீசை முளைக்காத பையன்கள்கூட அவரை ஏண்டா ராசப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். இங்கே வந்து முதல்முதலாகச் சபை வாசலில் ஒருத்தர் வாங்க பிரதர் என்றதும், தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷன் வருகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவரைப் பிரதர் என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணமான மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில், பிரதர் டீத்தண்ணி வேணுங்களா என்று கேட்டுவிட்டேன், என் மாமியார், உங்கப்பாயி, சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் ஏனுங்க என்று கூப்பிடப் பழகினேன். ஆனால் சண்டை வந்தால் மட்டும், பிரதர் சோறு போட்டாச்சு என்பேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சரிங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். இப்போது உப்பெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன் கண்ணு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து வந்து கதவைத் திறக்கும்போது மட்டும் ஏனுங்க என்று வாயில் வந்துவிடுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். நம்ம சபைப் பெண்கள் கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கே அந்தப் பையனைப் பிரதர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள், உனக்குத் தெரியும். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகப் பேசுவார்கள். அதைக் காதில் வாங்கித்தான் ராமாத்தா சிஸ்டர், பாஸ்டரய்யாவுக்கு முந்தி எல்லாக் கல்யாணத்தையும் கண்டுபிடித்துவிடுவார். வியாழக்கிழமை கடைசி ஜெபத்தைக் கீபோர்டு வாசிக்கிற அருண்குமாரைப் பண்ணச் சொன்னார் பாஸ்டரய்யா. பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நன்றாகத்தான் ஆரம்பித்தான். ஆண்டவரே எங்க பாஸ்டரய்யாவை ஆசீர்வதியும் என்றான், ராமாத்தா சிஸ்டரோட முழங்கால் வலியைத் தொடும் என்றான். அப்புறம் குரல் உடைந்து, எங்க ராசப்பன் மாமாவ நெனச்சுப் பாக்கறோம், தனியா இருக்கற அத்தையத் தேத்தும் ஆண்டவரே, அத்தைக்கு ஆறுதல் தாரும், அத்தை கண்ணீரத் தொடையும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். முதல் அத்தைக்கே சபையில் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாஸ்டரம்மா பாஸ்டரய்யாவைப் பார்க்கிறார், பாஸ்டரய்யா கூரையைப் பார்க்கிறார். அவன் ஒருத்தன்தான் கண்ணைத் திறக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு நான் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை, அவர் நினைவு ஜெபத்தில் போய் வந்து தொலைத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன், தோள் குலுங்குகிறது. ராமாத்தா சிஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அழுவாதீங்க சிஸ்டர், பிரதர் பரலோகத்துல சந்தோசமா இருக்காரு, எல்லாத்தயும் பாத்துட்டுத்தான் இருக்காரு என்றார். அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான், இன்னும் குலுங்கினேன். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை அம்மணி, நிமிர்ந்தபோது முந்தானை நனைந்திருந்தது.

சோறு போடுகிற நேரத்தில் அவன் அம்மா சித்ராதேவி சிஸ்டர் சமையலறைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிச்சுக்கோங்க, பையன் ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கானுங்க, எங்ககிட்டக்கூட வாயத் தொறக்கல, ஆண்டவருகிட்டச் சொல்லிச் சொல்லிப் பழகி இப்ப ஊருக்கே சொல்லிட்டான் என்றார். அடுத்த மாதம் உடுமலையில் பெண் பார்க்கப் போவதாக இருந்தார்களாம், நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் உங்கள சிஸ்டருங்கறதா சம்பந்திங்கறதா, ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க என்று கேட்டார். எம்பொண்ணு சொல்றவரைக்கும் ரங்காத்தான்னு பேரச் சொல்லியே கூப்பிடுங்க என்று சொல்லி அப்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றைக்குச் சபையில் அவன் என்னைப் பார்த்ததும் சிஸ்டர் என்றும் வரவில்லை, அத்தை என்றும் வரவில்லை, மைக் ஸ்டாண்டைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிங் வேலை முடித்துவிட்டு நேராக வந்து காலைப் பிடித்துவிட்டவன் அவன்தான். இதை உன் மனசைத் திருப்புவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதில் விளையாட்டு இல்லை. அம்மா தனியாக இருக்கிறாள், திருப்பூரிலேயே மாப்பிள்ளை அமைந்தால் அவளுக்குத் துணையாச்சு என்று நினைத்து நீ தலையாட்டக் கூடாது. எனக்குத் துணைக்கு ராமாத்தா சிஸ்டர் இருக்கிறார், ஓவர்டைம் இருக்கிறது, டிவி இருக்கிறது. நான் கட்டிக்கொண்டவர் எனக்குப் பிடித்தவர், அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது, அதனால்தான் உப்பில்லாத குழம்பையும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார், நானும் அடுத்த வேளைக்கு ஒழுங்காகச் சமைத்தேன். உனக்கும் அப்படி வேண்டும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல உன்னை வீடியோவில் கூப்பிட்டுச் சபைக்குக் காட்டுவார்கள், போனைப் பிடிப்பது அவன்தான். பிடிக்கவில்லை என்றால் எப்போதும்போலத் தெளிவாக ஸ்தோத்திரம் பிரதர் என்று சொல்லிவிடு. நான் அப்புறம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், சித்ராதேவியை நான் பார்த்துக்கொள்கிறேன், அவனும் நல்ல பையன், புரிந்துகொள்வான். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், மொட்டையாக ஸ்தோத்திரம் போதும், மிச்சத்தை ராமாத்தா சிஸ்டர் அல்லேலூயா போட்டு ஊருக்குச் சொல்லிவிடுவார்.

முறுக்கைக் காற்றுப் படாமல் மூடி வை. தலைக்கு எண்ணெய் வை, அங்கே தண்ணீர் உப்பு என்றாய். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அப்பாவின் ஆசீர்வாதமும் உன்மேல் இருக்கிறது. இன்னொன்று. போன வாரம் போனில் எல்லாரையும் பேர் சொல்லி விசாரித்தாய், பாஸ்டரய்யா எப்படி, பாஸ்டரம்மா எப்படி, ராமாத்தா சிஸ்டர் முழங்கால் எப்படி என்று. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கீபோர்டு எப்படியிருக்குது என்று கேட்டாய். அன்றைக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். கீபோர்டு சுகம். வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இன்னும் ஒரு வாரத்துக்கு யாருக்கும் அத்தையாகாத
ரங்காத்தாள்