நான்காவது வில்லையில் ஒரு கறுப்பு

ஓயாத சண்டைக்காரா, என் அன்பு மச்சான் கோபி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்குப் பொறுக்காது. அந்தக் குச்சியை மறுபடி படம் எடுத்துவிட்டோம்.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். நீ கொட்டாவி விட்டுக்கொண்டிரு. அணு உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருள் குச்சியை அறுக்காமலே அதன் உள்ளே பார்ப்பதுதான் நம் இருவரின் வேலை. எக்ஸ்ரே சரிப்படாது, குச்சியின் கதிர்வீச்சே ஃபிலிமைக் கெடுத்துவிடும். அதனால் நியூட்ரான்களைக் குச்சிக்குள் செலுத்துகிறோம். எங்கே எவ்வளவு கடந்து வந்தது என்பதைப் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தத் தகட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் ஃபிலிமோடு சேர்த்து வைத்தால் படம் இறங்கும். குச்சி எங்கோ இருக்கிறது, படம் இங்கே வருகிறது! எனக்கு இந்த ஆச்சரியம் இன்னும் போகவில்லை. உனக்குப் போயிருந்ததா? நான் கேட்டதே இல்லையே.

நம் கடைசிப் படத்தில், குச்சிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எரிபொருள் வில்லைகளில் நான்காவதில், அரிசி அளவுக்கு ஒரு கறுப்பு. வில்லையில் விரிசல் விட்டிருக்கிறது என்றேன் நான். தகட்டில் கோளாறு என்றாய் நீ. குச்சியைக் கால் வட்டம் திருப்பி, வேறு தகட்டில் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் நியூட்ரான் கருவியில் மறுபடி நம் முறை வர நாளாகும் என்றார்கள். அதற்குள் எல்லோர் முன்னாலும் நீ சொன்னாய்: “உனக்குப் பாக்கத் தெரியல மச்சான். நீ நெனச்சதத்தான் பாக்குற.”

அதோடு நான் உன்னிடம் பேசவில்லை. தாம்பரத்தில் ஏறும் ஆபீஸ் பஸ்ஸில், உன் பக்கத்து சீட்டை விட்டு டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கப் போன நீ திரும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். என் தங்கையைக் கட்டியவனுக்குக் கொள்ளி வைக்கும்போது பக்கத்தில் நின்றேன். அப்போதும் எனக்குள் கோபம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது மச்சான்.

போன வாரம் நம் முறை வந்தது. புதுத் தகடு, கால் வட்டம் திருப்பிய குச்சி. தகட்டின் கோளாறாக இருந்தால் இதில் அது வரவே கூடாது. வந்தது. அதே நான்காவது வில்லையில், ஆனால் அரிசி மெலிந்து மயிரிழையாகியிருந்தது. முதலில் அகலவாட்டில் பார்த்த விரிசலை இப்போது விளிம்பிலிருந்து பார்க்கிறோம். நான் சொன்னதுதான் சரி. “டேய், பாருடா!” என்று திரும்பினேன். உன் நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் சேலையூரில் என் வீட்டுக்குப் போகாமல் நேராக வசந்தியிடம் போனேன். காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்தப் படம் என்னண்ணா ஆச்சு? யாரு சொன்னது கரெக்ட்?”

“உன் வீட்டுக்காரன்தான்மா.”

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். “பொய் சொல்லாதண்ணா. நீ தோத்திருந்தா இங்க வந்தே இருக்க மாட்ட.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும்தான்.

ஆனால் மச்சான், அடுக்கில் இத்தனை வில்லைகள் இருக்க, நான்காவதில் மட்டும் ஏன்? பக்கத்து வில்லைக்கு அது ஏன் போகவில்லை? அறுத்தே பார்த்துவிடலாம் என்கிறார்கள். எல்லாப் பக்கமும் திருப்பி எடுத்து முடிக்கும்வரை அறுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் படத்தில் எதைப் பார்த்தாலும், நீ எப்படி மறுத்திருப்பாயோ அப்படி ஒருமுறை மறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, உன்னோடு அப்படிச் சண்டை போட்ட அன்றைக்கே வசந்தி வீட்டுக்குப் போவேன்.

பக்கத்து சீட்டில் உட்காராமல் போன
உன் மச்சான்,
ரவி